குறுந்தொலைவு விமானப் பயணம்: உணவும் கட்டணமும்

ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் உள்நாட்டு விமானப் பயணங்கள் பொதுவாகக் குறுந்தொலைவுப் பயணங்கள் எனப்படுகின்றன. சென்னை - பெங்களூரு, சென்னை - மதுரை, சென்னை - கோயம்புத்தூர் ஆகிய வழித்தடங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இப்பயணங்களில் ஒரு காலத்தில் உணவுத் தட்டு பயணச்சீட்டுடன் சேர்ந்தே வந்தது. இன்று பெரும்பாலான பயணிகளுக்கு இலவசமாகக் கிடைப்பது குடிநீர் மட்டுமே.

இம்மாற்றத்தை நிறுவனங்களின் கஞ்சத்தனம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. வரலாறு காட்டும் காரணம் வேறு. கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விமானத்தில் உணவு வந்தும் போயும் இருக்கிறது. அரசோ நிறுவனங்களின் கூட்டமைப்போ கட்டணத்தை நிர்ணயித்த காலங்களில் நிறுவனங்கள் விருந்தோம்பலில் போட்டியிட்டன. கட்டணம் கட்டவிழ்க்கப்பட்ட பின்னர் விலையில் போட்டியிட்டன. முதல் வகைப் போட்டியில் முன்பே பறந்துகொண்டிருந்தவர்கள் பயன் பெற்றார்கள். இரண்டாம் வகைப் போட்டியில் அதுவரை பறக்காதவர்களுக்கும் இடம் கிடைத்தது.

தொடக்க காலம்

விமானத்தில் உணவு தொடக்கத்தில் இலவசமாக வழங்கப்படவில்லை, விற்கப்பட்டது. 1919 அக்டோபரில் இலண்டன் - பாரிஸ் வழித்தடத்தில் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் உணவுப் பெட்டிகளை மூன்று ஷில்லிங் விலைக்குப் பயணிகளிடம் விற்றது. விமானத்தில் வழங்கப்பட்ட முதல் உணவு இதுவே என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. விமானத்தில் உணவை விலைக்கு விற்பது அண்மைக் காலத்து வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விமான உணவின் வரலாறே விற்பனையில்தான் தொடங்குகிறது.

இந்தியாவில் முறையான விமானச் சேவை அஞ்சலுக்காகத் தொடங்கப்பட்டது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு சிறிய புஸ் மாத் விமானத்தை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அஞ்சல் பைகளைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தார். அச்சேவையின் முதல் ஆண்டில் பயணம் செய்தவர்கள் 155 பேர் மட்டுமே. அஞ்சல் மூட்டைகளுக்குப் போக மிஞ்சிய இடத்தில்தான் பயணி அமர முடிந்தது. உணவு பரிமாறுதல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைத்துறைக்குத் தேவைப்படாமற்போன டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டு பல தனியார் நிறுவனங்கள் தோன்றின. 1949இல் இரவு நேர அஞ்சல் விமானச் சேவை தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடின. அங்கே அஞ்சலையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு அவை தத்தம் நகரத்திற்குத் திரும்பின.

மிட்டாயும் பஞ்சும்

1953இல் விமானக் கழகங்கள் சட்டம் நிறைவேறியது. எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் இணைக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் கழகம் உருவாக்கப்பட்டது. அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உள்நாட்டு வான்வழி முழுவதும் நடைமுறையில் ஒரே அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது.

டக்கோட்டா விமானத்தின் பயணியறையில் காற்றழுத்தம் சீர்செய்யப்படுவதில்லை. எனவே விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக்கொண்டு வலித்தது. எச்சிலை விழுங்கினால் காதின் உட்புறக் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். இதற்காகவே பணிப்பெண்கள் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிற்காலத்தில் வரவேற்பின் அடையாளமாகக் கருதப்பட்ட அந்த மிட்டாய், தொடக்கத்தில் காதுவலிக்குச் செய்யப்பட்ட கைவைத்தியம் ஆகும். 1957 முதல் வந்த வைக்கவுண்ட் விமானங்களிலும் அவற்றிற்குப் பின் வந்த ஜெட் விமானங்களிலும் காற்றழுத்தம் சீர்செய்யப்பட்டது. காதுவலி குறைந்த பிறகும் மிட்டாய்த் தட்டு நீங்கவில்லை.

இக்காலத்தில் கட்டணம் அரசின் ஒப்புதலுடன் நிர்ணயிக்கப்பட்டது. ஒரே வழித்தடத்தில், ஒரே வகுப்பில் பறந்த அனைவரும் பொதுவாக ஒரே கட்டணம் செலுத்தினார்கள். உயர் அலுவலர்கள், பெருவணிகர்கள், செல்வந்தர்கள் ஆகியோரே பயணிகளில் மிகுதியாக இருந்தார்கள். அவர்களுள் பலருடைய பயணச்சீட்டுக்குப் பணம் செலுத்தியது அவர்களுடைய அலுவலகம். காலை விமானத்தில் சிற்றுண்டியும் நண்பகல் விமானத்தில் மதிய உணவும் சீட்டின் விலைக்குள்ளேயே அடங்கியிருந்தன. நடுத்தரக் குடும்பத்தினர் பெரும்பாலோருக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்க்கும் பொருளாகவே இருந்தது.

விலையில் போட்டியிட முடியாதபோது

கட்டணம் ஒரே அளவாக இருக்கும்போது போட்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு.

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலங்களுக்கு இடையிலான விமானக் கட்டணங்களை அரசு வாரியம் ஒன்று கட்டுப்படுத்தியது. ஒரு நிறுவனம் தன் விருப்பப்படி கட்டணத்தைக் குறைக்க முடியாது. ஆகவே நிறுவனங்கள் உணவிலும் இருக்கை வசதியிலும் பணிப்பெண்களின் உடை அழகிலும் போட்டியிட்டன. பயணிக்குக் கிடைத்த இறைச்சித் துண்டு பெரிதாகியதே தவிரச் சீட்டின் விலை குறையவில்லை.

இரண்டாம் சான்று நெடுந்தொலைவுப் பயணத்தைச் சார்ந்தது. 1958இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் சிக்கன வகுப்பு அறிமுகப்படுத்தப்பட்டது. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் அதன் கட்டணத்தை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாகவே வைத்தது. அவ்வகுப்பில் எளிய சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்றும் விதித்தது. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். தன் நாட்டு வழக்கப்படி ஒரே ஒரு ரொட்டித் துண்டின் மேல் இறைச்சி, மீன், காய் எனப் பலவற்றை அடுக்கிப் பரிமாறியது. இது சாண்ட்விச் அன்று, முழு உணவு என்று பான் அமெரிக்கன் நிறுவனம் முறையிட்டது. எது சாண்ட்விச் என்பதற்கு வரையறை காணும் அளவுக்கு அவ்வழக்கு வளர்ந்தது. சீட்டின் விலையில் கை வைக்க முடியாதவர்கள் ரொட்டித் துண்டின் மேல் சண்டையிட்டார்கள் என்பதே இதன் பொருள்.

டெக்சாஸ் காட்டிய வழி

அமெரிக்கக் கட்டுப்பாட்டில் ஓர் இடைவெளி இருந்தது. ஒரு மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே பறக்கும் விமானங்களுக்கு நடுவண் வாரியத்தின் அதிகாரம் செல்லாது. கலிபோர்னியாவில் பசிபிக் சவுத்வெஸ்ட் நிறுவனம் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக் குறைந்த கட்டணத்தில் விமானங்களை இயக்கியது. டெக்சாஸ் மாநிலத்தில் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971 ஜூன் 18 அன்று டல்லஸ், ஹூஸ்டன், சான் அந்தோனியோ நகரங்களுக்கிடையே 20 டாலர் கட்டணத்தில் சேவையைத் தொடங்கியது. உணவுக்குப் பதிலாக வேர்க்கடலைப் பொட்டலம் தரப்பட்டது.

1972இல் பண நெருக்கடி காரணமாக அந்நிறுவனம் தன்னிடம் இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கு விமானங்களின் பயண அட்டவணையை மூன்றைக் கொண்டே நிறைவேற்ற வேண்டியிருந்தது. எனவே தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் பறக்கவிடும் முறை உருவானது. பின்னாளில் உலகெங்கும் உள்ள குறைந்த கட்டண நிறுவனங்கள் தமக்கேற்ற அளவில் பின்பற்றிய முறை இதுவேயாகும்.

1973இல் போட்டி நிறுவனமான பிரானிஃப், டல்லஸ் - ஹூஸ்டன் கட்டணத்தை 13 டாலராகக் குறைத்தது. சவுத்வெஸ்ட் பயணிகளுக்கு இரு வழிகளை வைத்தது: 13 டாலர் செலுத்திப் பறக்கலாம், அல்லது முழுக் கட்டணமான 26 டாலர் செலுத்தி ஒரு மதுப்புட்டியை இலவசமாகப் பெறலாம். பெரும்பாலான வணிகப் பயணிகள் 26 டாலரையே செலுத்தினார்கள். சீட்டின் செலவு அலுவலகத்துடையது. புட்டி வீட்டுக்கு உரியது. தன் பணத்தில் பறப்பவரும் பிறர் பணத்தில் பறப்பவரும் விலையை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டியது.

1978இல் அமெரிக்கா முழுமைக்கும் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் படிப்படியாக நடந்த இம்மாற்றம் 1997இல் நிறைவடைந்தது.

இந்தியாவில் தனியார் நிறுவனங்கள்

1990களின் தொடக்கத்தில் இந்திய வான்வழி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. முதலில் வான் டாக்சி என்ற பெயரில் தனியார் விமானங்களுக்கு இசைவு தரப்பட்டது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. முதலிய நிறுவனங்கள் தோன்றின. ஜெட் ஏர்வேஸ் 1993 மே மாதத்தில் பறக்கத் தொடங்கியது. 1994இல் விமானக் கழகங்கள் சட்டம் நீக்கப்பட்டதோடு அரசின் தனியுரிமை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

இந்தப் புதிய நிறுவனங்கள் விலையில் பெரிய போட்டியை நடத்தவில்லை. இந்தியன் ஏர்லைன்ஸ் கட்டணத்தையே ஒட்டித் தம் கட்டணத்தை வைத்துக்கொண்டு சேவையில் முந்தப் பார்த்தன. புன்னகையுடன் வரவேற்பு, குளிர்பானம், சூடான துவாலை, சூடான உணவு, நேரந்தவறாமை ஆகியவை அவற்றின் விளம்பரங்களாயின. ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு பொற்காலம். பறப்பவர்களின் வட்டம் மட்டும் பெரிதாக விரியவில்லை. அந்தப் புதிய நிறுவனங்களுள் பல, பத்தாண்டு முடிவதற்குள் மூடப்பட்டன. 2000ஆம் ஆண்டிற்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில்கூட ஓராண்டின் உள்நாட்டு விமானப் பயணங்கள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி அளவிலேயே இருந்தன.

ஏர் டெக்கான்

கர்நாடகத்தின் கோரூரைச் சேர்ந்த ஜி.ஆர். கோபிநாத் படையில் கேப்டனாகப் பணியாற்றியவர்; பின்னர் உழவுத் தொழிலில் ஈடுபட்டவர். 1997இல் வாடகை ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய அவர், 2003இல் ஏர் டெக்கானைத் தொடங்கினார். சூரியா நடித்து 2020இல் வெளியான 'சூரரைப் போற்று' திரைப்படம் இவருடைய வாழ்க்கையைத் தழுவியது.

ஏர் டெக்கான் முதலில் 48 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களைப் பயன்படுத்திப் பெங்களூரிலிருந்து ஹூப்ளி போன்ற ஊர்களுக்குப் பறந்தது. அதன் போட்டியாளர் பிற விமான நிறுவனங்கள் அல்ல, தொடர்வண்டியே. ஆர்.கே. லட்சுமண் வரைந்த 'பொது மனிதன்' என்னும் கேலிச்சித்திர உருவத்தைத் தன் அடையாளமாக அந்நிறுவனம் வைத்துக்கொண்டது. மிகச் சில இருக்கைகள், வரிகள் நீங்கலாக, ஒரு ரூபாய்க்கும் விற்கப்பட்டன. முன்கூட்டியே பதிவு செய்பவருக்குக் குறைந்த கட்டணம், கடைசி நேரத்தில் வருபவருக்குக் கூடுதல் கட்டணம் என்னும் முறை இந்தியப் பயணிகளுக்குப் பரவலாக அறிமுகமானது. உணவு இலவசமாகத் தரப்படவில்லை. தண்ணீரும் தின்பண்டங்களும் விற்கப்பட்டன.

இதனைத் தொடர்ந்து 2005இல் ஸ்பைஸ்ஜெட், கோ ஏர் ஆகியவையும் 2006 ஆகஸ்டில் இண்டிகோவும் வந்தன. ஏர் டெக்கானோ நட்டத்தில் மூழ்கியது. 2007இல் விஜய் மல்லையாவின் குழுமம் அதன் பங்குகளை வாங்கியது. 2008இல் அது கிங்ஃபிஷருடன் இணைந்தது. கிங்ஃபிஷரும் 2012இல் பறப்பதை நிறுத்தியது. முதலில் வழி வெட்டியவர் நிலைக்கவில்லை; அவர் வெட்டிய வழி நிலைத்தது. முழுச் சேவை நிறுவனமான ஜெட் ஏர்வேஸே 2009இல் ஜெட் கனெக்ட் என்ற பெயரில், உணவை விலைக்கு விற்கும் விமானங்களை இயக்க வேண்டியதாயிற்று.

தட்டு நீங்கியதால் மிச்சமானது என்ன?

ஒரு வேளை உணவின் விலை சில நூறு ரூபாய்தான். அதை நிறுத்துவதால் மட்டும் கட்டணம் பாதியாகக் குறைந்துவிடாது. ஆனால் உணவைச் சார்ந்து வேறு மூன்று செலவுகள் இருந்தன.

முதலாவது நேரம். உணவு ஏற்றும் வண்டி வர வேண்டும். பழைய தட்டுகளை இறக்க வேண்டும். பயணியறையைத் துப்புரவு செய்ய வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும். ஒரு மணி நேரப் பயணம் ஒன்றின் பின் விமானம் ஒரு மணி நேரம் தரையில் நின்றால், 13 மணி நேரத்தில் ஏழு பயணங்கள் செய்யலாம். அரை மணி நேரமே நின்றால் அதே 13 மணி நேரத்தில் ஒன்பது பயணங்கள் செய்யலாம். விமானத்தின் வாடகையும் காப்பீடும் பறந்தாலும் நின்றாலும் ஒன்றே. ஆகவே அவை ஏழுக்குப் பதிலாக ஒன்பது பயணங்களின் மீது பகிர்ந்துகொள்ளப்படும். நெடுந்தொலைவுப் பயணத்தில் இந்த வேறுபாடு சிறியது. குறுந்தொலைவில் மிகப் பெரியது.

இரண்டாவது இடம். உணவைச் சூடாக்கும் அடுப்புகளும் தள்ளுவண்டிகளும் நிற்கும் சமையற்பகுதியைச் சுருக்கி, உயர் வகுப்பையும் நீக்கினால் கூடுதல் இருக்கைகள் போடலாம். இரு வகுப்புகளுடன் ஏறத்தாழ 150 பேர் அமரும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில், ஒரே வகுப்பாக அமைத்தால் 180 பேர் அமரலாம். ஒரு பயணத்தின் மொத்தச் செலவு 4,50,000 ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், 150 பேருக்குத் தலைக்கு 3,000 ரூபாய். 180 பேருக்குத் தலைக்கு 2,500 ரூபாய். உணவைத் தொடாமலேயே இங்கு 500 ரூபாய் குறைகிறது.

மூன்றாவது ஆட்களும் எடையும். 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்ற அளவில் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அதற்கு மேல் பரிமாறுவதற்கென்று வைக்கப்படும் ஆட்களுக்குத் தனிச் செலவு உண்டு. மேலே தூக்கிச் செல்லும் ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் செலவாகும். குறுந்தொலைவு விமானம் தன் நேரத்தின் பெரும்பகுதியை ஏறுவதிலும் இறங்குவதிலும் கழிப்பதால், கிலோமீட்டர் கணக்கில் அதன் எரிபொருள் செலவு மிகுதி.

நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் பணியாளர்கள் அமர்ந்திருக்க வேண்டும். சென்னை - பெங்களூரு போன்ற பயணத்தில் பரிமாறி முடித்துத் தட்டுகளைத் திரும்பப் பெற ஏறத்தாழ இருபது நிமிடங்களே கிடைக்கும். அதற்குள் 180 பேருக்குச் சூடான உணவு தருவது பரிமாறுபவருக்கும் துன்பம், உண்பவருக்கும் அவசரம்.

விலைக்கு விற்கும் முறையில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. எல்லாருக்கும் ஏற்ற வேண்டிய தேவை நீங்கியது. கேட்பவருக்கு மட்டும் கொடுத்தால் போதும். அடுப்பு தேவைப்படாத பண்டங்கள் பெருகின. வெந்நீர் ஊற்றினால் சில நிமிடங்களில் ஆயத்தமாகும் உப்புமாவும் நூடுல்சும் இந்திய விமானங்களின் அடையாளமாயின.

எதிர்த்திசையில் ஒரு முயற்சி

குறுந்தொலைவில் உயர்தரச் சேவை இயலாது என்ற கருத்தை எதிர்த்து, தமிழ்நாட்டிலிருந்தே ஒரு முயற்சி நடந்தது. 2005 அக்டோபரில் பாரமவுண்ட் ஏர்வேஸ் தன் சேவையைத் தொடங்கியது. எம்ப்ரேயர் வகை ஜெட் விமானங்களில் வணிக வகுப்பு இருக்கைகளையே பொருத்தி, உணவுடன் கூடிய பயணத்தைச் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் முதலிய தென்னிந்திய நகரங்களுக்கிடையே அது வழங்கியது. தொழிலதிபர்களிடையே அதற்கு நற்பெயர் கிடைத்தது. எனினும் விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்களுடன் ஏற்பட்ட வழக்குகளால் 2010இல் அச்சேவை நின்றது. வசதியை விரும்புவோர் இருந்தார்கள் என்பதற்கு அது சான்று. அவர்களை மட்டும் நம்பி நிலைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் அந்நிறுவனத்தின் குறுகிய வாழ்நாளே சான்றாகிறது.

சீட்டைப் பிரித்து விற்றல்

2015இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், பயணச்சீட்டில் அடங்கிய வசதிகளைப் பிரித்துத் தனித்தனி விலைக்கு விற்க இசைவளித்தது. விரும்பிய இருக்கை, உணவு, சிற்றுண்டி, பானம், கூடுதல் சுமை ஆகியவற்றிற்குத் தனிக் கட்டணம் வாங்கலாம் என்றாயிற்று. குடிநீருக்கு மட்டும் விலை வைக்கக் கூடாது. இந்த விதிவிலக்கு கருதத்தக்கது. எவ்வளவு பிரித்தாலும் பிரிக்கக் கூடாத ஒன்று உண்டு என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

அரசு நிறுவனமான ஏர் இந்தியாவும் செலவைச் சுருக்கியது. 2017 ஜூலையில் உள்நாட்டு விமானங்களின் சிக்கன வகுப்பில் அசைவ உணவை நிறுத்தியது.

பிரித்து விற்பதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. உண்ணாதவர் உணவுக்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை என்பது நன்மை. முதலில் கண்ணில் படும் விலை ஒன்றாகவும் இறுதியில் செலுத்தும் தொகை வேறாகவும் இருப்பது தீமை. இருக்கைத் தேர்வு, சுமை, வசதிக் கட்டணம், விமான நிலையக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்த பின்னரே உண்மையான விலை தெரியும்.

உதான் திட்டமும் சேலமும்

சந்தையின் போட்டி பெருநகரங்களுக்கே பயன்பட்டது. சிறு ஊர்களுக்காக நடுவண் அரசு உதான் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவுக்கும் தில்லிக்கும் இடையே பறந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்திற்கு, விமானத்தின் பாதி இருக்கைகள் அளவில், 2,500 ரூபாய் என்று கட்டண உச்சவரம்பு வைக்கப்பட்டது. நிறுவனத்திற்கு ஏற்படும் இழப்பின் ஒரு பகுதி மானியமாக ஈடுசெய்யப்பட்டது.

தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் இத்திட்டத்தின் கீழ் சேலம் - சென்னை விமானம் தொடங்கியது. தொடர்வண்டியிலோ பேருந்திலோ ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும் பயணம் ஒரு மணி நேரமாயிற்று. 2021இல் அச்சேவை நின்றுபோனது. 2023 அக்டோபரில்தான் சேலத்திற்கு மீண்டும் விமானம் வந்தது. கட்டணத்தை ஆணையால் குறைத்துவிடலாம். விமானத்தைத் தொடர்ந்து வரச்செய்வது அதைவிடக் கடினம் என்பதற்குச் சேலம் ஓர் எடுத்துக்காட்டு.

மீண்டும் அரசின் கையில்

கொரோனாக் காலத்தில் கட்டணமும் உணவும் ஒருசேர அரசின் கட்டுப்பாட்டிற்குள் வந்தன. இரு மாதங்கள் நிறுத்தப்பட்டிருந்த உள்நாட்டு விமானங்கள் 2020 மே 25 அன்று மீண்டும் பறந்தபோது, பயண நேரத்தை ஏழு பிரிவுகளாக்கி ஒவ்வொன்றிற்கும் குறைந்த அளவும் உயர்ந்த அளவும் விதிக்கப்பட்டன. 40 நிமிடத்திற்குட்பட்ட பயணத்திற்கு 2,000 ரூபாய் முதல் 6,000 ரூபாய் வரை. 60 முதல் 90 நிமிடப் பயணத்திற்கு 3,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை. கீழ்வரம்பு நிறுவனங்களைக் காக்க. மேல்வரம்பு பயணியைக் காக்க.

அதே நாளில் விமான உணவு முற்றிலும் நிறுத்தப்பட்டது. சில மாதங்களுக்குப் பின் பொட்டல உணவுக்கு இசைவு கிடைத்தது. இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரல் 15 முதல் இரண்டு மணி நேரத்திற்குக் குறைந்த பயணங்களில் உணவு மீண்டும் தடைசெய்யப்பட்டது. முகக்கவசத்தைக் கழற்றாமல் இரண்டு மணி நேரம் பசி தாங்கலாம் என்பதே அந்த எல்லைக்கோட்டின் கருத்து. அதே ஆண்டு நவம்பரில் இத்தடை நீங்கியது. கட்டண வரம்பு 2022 ஆகஸ்டு 31 அன்று விலக்கப்பட்டது.

இன்றைய நிலை

2024இல் உள்நாட்டு விமானப் பயணிகளின் எண்ணிக்கை 16 கோடியைக் கடந்தது. இருபது ஆண்டுகளில் இது ஏறத்தாழ பத்து மடங்கு வளர்ச்சி. உணவுத் தட்டு விட்டுச்சென்ற இடத்தில் வந்து அமர்ந்தவர்கள் இவர்களே. வேலை தேடிச் செல்லும் இளைஞர்கள், மருத்துவத்திற்காகப் பயணிக்கும் முதியோர், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும் பெற்றோர் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர்.

ஆனால் குறைந்த கட்டணத்திற்கு அடிப்படையான போட்டி இப்போது மெலிந்துவருகிறது. ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது. கோ ஏர் 2023இல் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டா குழுமத்திடமே திரும்பியது. உள்நாட்டுப் பயணிகளில் 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் இன்று இண்டிகோ ஒன்றிலேயே பறக்கிறார்கள். விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகள் நடைமுறைக்கு வந்த பின்னர், 2025 டிசம்பரில் அந்நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பயணங்கள் நீக்கப்பட்டன. மற்ற நிறுவனங்களின் கட்டணம் பல மடங்கு ஏறியது. அரசு மீண்டும் தலையிட்டு, 500 கிலோமீட்டருக்குட்பட்ட பயணத்திற்கு 7,500 ரூபாய் என்று தற்காலிக உச்சவரம்பு விதித்தது. மாறும் கட்டண முறை போட்டி இருக்கும்போது பயணிக்கு நண்பனாக இருக்கிறது. போட்டி இல்லாதபோது பகைவனாக மாறுகிறது.

விமான எரிபொருள் இன்றுவரை சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கொண்டுவரப்படவில்லை. மாநிலத்திற்கு மாநிலம் வரி வேறுபடுகிறது. இச்சுமையும் இறுதியில் பயணச்சீட்டின் மீதே ஏறுகிறது.

உணவு இப்போது வேறு வடிவில் திரும்பி வருகிறது. இண்டிகோ 2024 நவம்பரில் தில்லி - மும்பை வழித்தடத்தில் உணவுடன் கூடிய வணிக வகுப்பைத் தொடங்கியது. மறுபுறம், விமானத்தில் உணவு இல்லாததால் விமான நிலையக் கடைகளை நம்பியிருக்கும் எளிய பயணிகளுக்காக, 10 ரூபாய்க்குத் தேநீர் விற்கும் உதான் பயணியர் உணவகம் 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறக்கப்பட்டது. இவ்வுணவகங்களுக்குத் தேவை ஏற்பட்டதே, பயணிகள் யார் என்பது மாறியிருப்பதைக் காட்டுகிறது. முதல் ஆண்டில் அஞ்சல் மூட்டைகளுக்கிடையே பறந்த 155 பேருக்காகவோ, பின்னர் அலுவலகச் செலவில் பறந்தவர்களுக்காகவோ ஒருவரும் பத்து ரூபாய்த் தேநீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

குறுந்தொலைவு விமானத்தில் இலவச உணவு இல்லாமற்போனது ஓர் இழப்பே. ஒரு மணி நேரம் கழித்து வீட்டில் உண்டு அந்த இழப்பை ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் கட்டணம் மீண்டும் எட்டாத உயரத்திற்குப் போய்விட்டால், முதன்முறையாக விமானம் ஏறிய குடும்பங்களுக்கு அதை ஈடுசெய்ய வேறு வழியில்லை. ஆகவே காக்கப்பட வேண்டியவை மூன்று: நிறுவனங்களுக்கிடையே உண்மையான போட்டி, தொடக்கத்திலேயே முழுமையாகத் தெரியும் விலை, விலை வைக்கக் கூடாத குடிநீர்.